பந்து விழும்வரை நிற்பது

அக்டோபர் 5, ஞாயிறு

இனிமேல் கத்தக் கூடாது என்று ரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதிய டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் பேரிங் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்து, இத்தனை மாதம் டிராயரில் சும்மா கிடந்த இந்த டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதில் கத்தினால் யாருக்கும் கேட்காது.

இன்று என் மகள் மிருதுளாவுக்கு உப்புச்சக்கரை மாற்றினோம். சம்பந்தம் உறுதியாகிவிட்டது. கல்யாணம் தை மாதக் கடைசியில். மாப்பிள்ளை பிரதீப் நல்ல பையன், பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. அவன் அப்பா சென்னியப்பன் பொள்ளாச்சியில் தென்னை நார் ஏற்றுமதி செய்கிறவர். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுகிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் அக்கா பாப்பாத்தி வாயைத் திறக்கும்வரை.

பேச்சுவாக்கில் சென்னியப்பன், ஞாயிற்றுக்கிழமைகளில் கால்ஃப் ஆடப் போவேன் என்றார். அவ்வளவுதான். நம் பக்கம் ஏதோ ஒன்று குறைந்துபோய்விட்டதாக அக்காவுக்குத் தோன்றிவிட்டது.

"என்ற தம்பிக்குமுங்க! கால்ஃபுன்னா உசுரு. வாராவாரம் போயிருவான். தெய்வசிகாமணி ஒரு அடி அடிச்சான்னா பந்து வாளையாறு தாண்டிக் கேரளாவுலதானுங்க உழுகும்!"

நான் கால்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. டிவியில் வந்தால்கூட மாற்றிவிடுவேன். சென்னியப்பன் முகமெல்லாம் சிரிப்பாக, "அப்படீங்களா சம்பந்தி! சொல்லவே இல்லீங்களே. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை சேந்து ஆடலாமுங்க" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். புதுச் சம்பந்தி வீட்டார் முன்னால், தாம்பூலத் தட்டு இன்னும் கையில் இருக்கும்போதே, "எங்கக்கா பொய் சொல்லுதுங்க" என்று எந்தத் தம்பிக்கு வாய் வரும்? "அதுக்கென்னங்க, ஆடீரலாம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

போகும்போது காரில் ஏறிக்கொண்டே அக்கா சொல்கிறாள்: "கோலிக்குண்டு ஆடுனவன்தானேடா நீயி. அதே கணக்குத்தான், குண்டு பெருசு."

அக்டோபர் 6, திங்கள்

என் கிரைண்டர் கம்பெனியில் ஒருத்தரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, சென்னியப்பனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். என் மனைவி வசந்தாமணி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. நாளைக்கு அந்த வூட்டுல எதுக்கெடுத்தாலும் 'உங்க வூட்டுப் பேச்சு வாளையாறுப் பேச்சுத்தானே'ம்பாங்க. நீங்களா அங்க இருக்கப் போறீங்க? புள்ளதானுங்க கேட்டுக்கிட்டு நிக்கோணும்."

அது சுருக்கென்று தைத்தது. என் மகள் பொய்க்காரக் குடும்பத்துப் பெண் என்ற பேரோடு அந்த வீட்டுப் படியேறக் கூடாது. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, அது ஆகக் கூடாது.

மிருதுளா மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே, "எதுக்குப்பா டென்ஷன்? கத்துக்கலாம். கிளினிக் போறதுக்கு முன்னாடி தெனமும் காலைல நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் பிசியோதெரபிஸ்ட்.

"அம்பத்தெட்டு வயசுலயா?"

"எங்கிட்ட எழுவத்தஞ்சு வயசுல புதுசா நடக்கக் கத்துக்கறாங்கப்பா. நீங்க சின்னப் பையன்."

அக்டோபர் 8, புதன்

விடியும்போதே கிளம்பினோம். அவள்தான் கார் ஓட்டினாள். ஊருக்கு வெளியே பெரிய பச்சைத் திடல், ஓரமெல்லாம் மயில். பயிற்சியாளர் பெயர் எட்வின், குன்னூர்க்காரர். இவர் குரலை உயர்த்துவதே இல்லை. அது என்னை இன்னும் எரிச்சலாக்குகிறது.

சின்ன மரக்குச்சியின் மேல் பந்தை வைத்து, அடியுங்கள் என்றார். ஓங்கி ஒரு வீச்சு. மட்டை சுற்றி வந்தது, பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது வீச்சில் புல்லும் மண்ணும் பறந்தன, பந்து இருந்தது. மூன்றாவதில் இருந்த பலத்தை எல்லாம் கொடுத்தேன். மட்டை என்னையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, பின்புறம் தரையில் படும்படி உட்கார வைத்துவிட்டது. பந்து அப்போதும் இருந்தது.

மிருதுளா சிரித்தாள். என் பெண் சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். மயில்கள் எல்லாம் வேலி தாண்டி ஓடின.

"சார், நீங்க பந்தை அடிக்கல. பந்து மேல கோவப்படுறீங்க" என்றார் எட்வின்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மிருதுளா போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். "பாருங்கப்பா, உடம்பு எடை பூராவும் குதிகால்ல இருக்குது. வீசறப்ப பின்னாடி சாயறீங்க. கையில தப்பே இல்ல, கால்லதான் தப்பு."

படத்தில் இருந்த அந்தத் தொப்பைக்காரரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இடுப்பு.

அக்டோபர் 12, ஞாயிறு

மகள் எழுதிக்கொடுத்த வைத்தியம் இது: பல் விளக்கும்போது இடது காலில் மட்டும் நிற்க வேண்டும். அடித்து முடிக்கும்போது உடம்பு எடை முழுக்க இடது காலுக்குத்தான் வருமாம், அது ஆடாமல் நின்றால்தான் பந்து நேராகப் போகுமாம். நானும் வாயில் நுரையோடு, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குழாயப் புடிக்கக் கூடாதுப்பா!" வெளியிலிருந்து சத்தம். கதவு சாத்தியிருந்தது. எப்படித்தான் தெரிகிறதோ.

வசந்தாமணி வந்து எட்டிப் பார்த்தாள். "கொக்கு வளக்கறோம்னு முந்தியே சொல்லியிருந்தா மீன் வாங்கியாந்திருப்பேனுங்க" என்றாள்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று எட்வின் இரண்டு கால்களையும் ஒட்டவைத்து அடிக்கச் சொன்னார். கால்கள் சேர்ந்திருந்தால் ஓங்கி அடிக்க முடியாது, அடித்தால் விழுந்துவிடுவோம். பாதி வீச்சுதான் வரும். அந்தப் பாதி வீச்சில், என்ன ஆச்சரியம், பந்து கொஞ்ச தூரம் நேராகப் போயிற்று.

அப்புறம் தன் ஒரே விதியைச் சொன்னார். "அடிச்சு முடிச்சுட்டு அப்படியே நில்லுங்க சார். பந்து விழுற வரைக்கும் அசையக் கூடாது. எங்க விழுந்தாலும் சரி. நீங்க நின்னா போதும்."

இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கிரைண்டரையும் ஓடவிட்டு, மேலே விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைப்போம். ஒரு சொட்டு சிந்தினாலும் மிஷின் வெளியே போகாது. ஆட்டம் இருக்கிற மிஷினை வைத்துக்கொண்டு நான் ஆட்களைத் திட்டாத திட்டு இல்லை. இப்போது என் தலையில் அந்த டம்ளரை வைத்தால் நானே வெளியே போக முடியாது. இதை எட்வினிடம் சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தார். மிருதுளா வீடுவரை சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பயிற்சி இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மிருதுளா சங்குசக்கரம் விட்டாள், இந்த வயதிலும் அதேபோல் குதிக்கிறாள். அடுத்த வருஷம் தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வருவாள், விருந்தாளி மாதிரி. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முறுக்கு நன்றாக இருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

திடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எட்வின் போன் செய்து இன்று முடியாது என்றுவிட்டார். திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ரோட்டோரக் கடையில் டீயும் பன்னும் வாங்கிக் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கிளினிக்கில் வரும் ஒரு பாட்டுவாத்தியார் மாதிரி நடந்து, இல்லை, உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது.

"நீங்க கம்பெனி ஆரம்பிச்ச கதைய முழுசாச் சொல்லவே இல்லையேப்பா" என்றாள். சொன்னேன். முதல் கிரைண்டரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனது, சிங்காநல்லூர் மேட்டில் கயிறு அறுந்து கல் உருண்டது, நான் பின்னாலேயே ஓடியது எல்லாம். இந்தப் பெண்ணுக்கு இருபத்தேழு வயது ஆகிறது. இதுவரை நான் இதைச் சொன்னதில்லை என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

மழை விட்டபிறகும் கொஞ்ச நேரம் இருந்தோம். பயிற்சி ஒன்றும் நடக்கவில்லை என்பதால் இன்றைக்கு எழுத எதுவும் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று மிருதுளா வந்து சொல்கிறாள்: "பொள்ளாச்சி மாமா போன் பண்ணாங்கப்பா. கன்டெய்னர் ஏத்தற வேலையாம். மாசக் கடைசிக்குத் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க."

அப்பாடா என்று இருந்தது! செட்டிபாளையம் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். "அப்ப நாளைக்கு சித்த நேரம் தூங்கலாமா அம்மிணி?" என்றேன்.

"யாரு சொன்னா? ஒழுங்கா அஞ்சரைக்கு ரெடியா இருங்க."

நவம்பர் 11, செவ்வாய்

அடித்துவிட்டேன்! அடித்தேவிட்டேன்!

எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பிடியை இறுக்கவில்லை. எட்வின் சொன்னபடி மெதுவாகப் பின்னால் கொண்டுபோனேன். மேலே போனதும் ஒரு விநாடி அவசரப்படாமல் இருந்தேன். இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். மற்ற நாளெல்லாம் 'தொப்' என்றுதான் கேட்கும். கையில் ஒன்றும் தெரியவே இல்லை. பந்து வானத்தில் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நான் இடது காலில் சிலை மாதிரி நிற்கிறேன். வலது கால் விரல் நுனி மட்டும் தரையில். ஆடவில்லை, அசையவில்லை.

பந்து விழுந்ததும் மிருதுளா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் எட்வினைக் கட்டிக்கொண்டேன். பாவம், அந்த மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். கம்பெனிக்குப் போனதும் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். சும்மா என்றேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "இதென்ன பெரிய விசயம்? நாந்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள்.

நவம்பர் 12, புதன்

நேற்று அடித்த மாதிரி இன்று ஒன்றுகூட வரவில்லை. ஒன்றுகூட.

நவம்பர் 19, புதன்

வீட்டில் ரகளை. கல்யாணப் பெண் தினமும் வெயிலில் நின்று கறுத்துப்போகிறாள், முகத்துக்குப் பூச வருகிற பெண் தலையில் அடித்துக்கொள்கிறாள் என்று வசந்தாமணி சத்தம் போட்டாள். "அவருதான் ஆடறாரு, நீ எதுக்குடி போற? டிரைவர வெச்சுக்கட்டும்" என்றாள்.

நியாயம்தான். எனக்கும் வண்டி ஓட்டத் தெரியும். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை.

"படம் புடிச்சுத் தப்பு எதுன்னு சொல்ல ஆளு வேணும்மா" என்று மிருதுளா ஒரு பெரிய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியில் மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்றாள். காலையில் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை என்று அவருக்குக் குறையாம். மாப்பிள்ளை மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

நவம்பர் 24, திங்கள்

மோட்டார் கொடுக்கிற ஆள் நேற்று போனில் ஏமாற்றிப் பேசினான். அந்தக் கோபம் தூங்கி எழுந்தும் போகவில்லை. முதல் பந்தே அவன் மண்டை மாதிரி தெரிந்தது. ஓங்கினேன். கால் வழுக்கி, நேற்றைய மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் முழங்கால்வரை போய் விழுந்தேன். மட்டை எனக்கு முன்னாலேயே போய்விட்டது.

மிருதுளா சிரிக்கவில்லை. "எத்தன தடவப்பா சொல்றது! கோவத்துல வீசாதீங்கன்னு. இடுப்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது?" என்று கத்தினாள்.

நானும் கத்தினேன். "சொல்லு, நல்லாச் சொல்லு! தை மாசம் நீ பாட்டுக்குப் போயிருவே. அப்பறம் யாரு வந்து எனக்குத் தப்பு சொல்றது?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் பள்ளத்தில் இறங்கி மட்டையை எடுத்து, தன் துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தாள். எட்வின் தூரத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். "கால் சேத்து வெச்சு ஆரம்பிக்கலாம்ப்பா" என்றாள். ஆரம்பித்தோம். அதன்பிறகு அடித்ததெல்லாம் நேராகப் போயிற்று.

நவம்பர் 27, வியாழன்

ஆட்டம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. டிசம்பர் 21 என்று மிருதுளா சொன்னாள். என்ன மனிதர் இந்தச் சென்னியப்பன்? எப்போது பார்த்தாலும் கன்டெய்னர். ஒருவேளை என்னோடு ஆடப் பயமோ என்றுகூட நினைத்தேன். அதைச் சொன்னதும் சமையலறையில் வசந்தாமணி எதற்கோ சிரித்தாள். என்ன என்று கேட்டால், மிக்ஸி சத்தம் என்கிறாள்.

டிசம்பர் 10, புதன்

எட்வினோடு முதல் தடவையாக ஒன்பது குழிகளும் ஆடி முடித்தேன். மணலில் ஒரு முறை, மரத்தடியில் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஏழாவது குழியில் ஒரு மயில் என் பந்தைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. எத்தனை அடி என்று கணக்கு வைக்க வேண்டாம், எத்தனை தடவை ஆடாமல் நின்றீர்கள் என்று மட்டும் பாருங்கள் என்றார். பாதிக்கு மேல் நின்றேன்.

மாத்திரையைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். காலையில் மகளோடு போகிறேன் என்றேன். கால்ஃப் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

டிசம்பர் 20, சனி

நாளை.

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. சிரஞ்சீவி, சௌபாக்கியவதி எல்லாம் சரியாக இருக்கிறது. மிருதுளா என் ஷூவை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

மிருதுளா என்னை இறக்கிவிட்டு, "நான் இங்கயே கேன்டீன்ல இருக்கேன்ப்பா. நான் கூட வந்தா நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருப்பீங்க" என்றாள். சென்னியப்பன் முன்னமே வந்து காத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, பளபளவென்று மட்டைகள். "வாங்க சம்பந்தி, நீங்களே மொதல்ல அடிங்க" என்றார்.

பந்தை வைத்தேன். கைப்பிடியை இறுக்காதே, கோபப்படாதே, குதிகாலில் நிற்காதே என்று எனக்குள் மிருதுளா குரல் ஓடிக்கொண்டே இருந்தது. மெதுவாகக் கொண்டுபோய் வீசினேன். டக். நீளமாகப் போகவில்லை, ஆனால் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. விழும்வரை நின்றேன்.

"அடேங்கப்பா!" என்றார் சென்னியப்பன். "எத்தன வருசப் பழக்கமுங்க இது? இந்த நிதானம் எனக்கு வர மாட்டேங்குதே!"

அவர் அடித்தது என்னுடையதைவிட ரொம்ப தூரம் போனது. ஆனாலும் ஒவ்வொரு குழியிலும் என்னைப் பாராட்டிக்கொண்டே வந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். நல்ல மனிதர், மனசாரப் பாராட்டுகிறார், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நடக்கிறேன். என் மகள் இந்த மனிதரைத்தான் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கப்போகிறாள். இவரிடமா பொய்?

ஐந்தாவது குழியில் பந்துக்கு முன்னால் நின்றுவிட்டு, மட்டையைக் கீழே வைத்தேன்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க. உப்புச்சக்கரை மாத்துன அன்னிக்கு எனக்கு இந்த மட்டைய எப்படிப் புடிக்கறதுன்னே தெரியாதுங்க. எங்கக்கா ஒரு ஆசையில சொல்லிருச்சு. நானும் இல்லீன்னு சொல்லல. தப்பு என்மேலதான். புள்ளைக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. அவளத் தப்பா நெனச்சிராதீங்க."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு தாங்காமல் அங்கிருந்த கல்பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியுமுங்க சம்பந்தி. அந்த வாரமே மிருதுளா போன் பண்ணிச் சொல்லிருச்சுங்க."

"சொல்லிருச்சுங்களா?"

"ஆமாங்க. 'அத்தை விளையாட்டாச் சொல்லிட்டாங்க மாமா, அப்பா பாவம், மனசு கேக்காம இருக்காரு'ன்னுச்சு. எனக்கு ஒரே சிரிப்பு. வாளையாறுன்னப்பவே எனக்கு ரோசனைதான். 'அதுக்கென்ன சாமி, ஆட்டமே வேண்டாம்னு நான் அப்பாகிட்டப் பேசீர்றேன்'னேன். சரின்னுச்சு."

"அப்பறம்?"

"மூணு வாரம் கழிச்சு மறுபடியும் கூப்புட்டுச்சுங்க. 'மாமா, பேசீட்டீங்களா?'ன்னு. இன்னும் இல்லியே கண்ணுன்னேன். 'அப்பப் பேசாதீங்க மாமா. வேணும்னா தள்ளி வெச்சுக்கிட்டே போங்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து நான் எந்திரிக்கறதுக்குள்ள அப்பா கம்பெனிக்குப் போயிருவாரு. இப்பத்தான் காலைல ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம். மழை பெஞ்ச அன்னிக்கு கார்லயே உக்காந்து என்னென்னமோ பேசுனோம். கல்யாணம் வரைக்கும் இது இருக்கட்டும் மாமா'ன்னுச்சு." தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "கன்டெய்னரும் இல்ல, ஒரு மண்ணும் இல்லீங்க. மருமகளுக்கு நான் செஞ்ச மொத சீரு அதுதானுங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குது. ஆனா நீங்களே மனசத் தொறந்து சொன்னப்பறம் நான் மட்டும் மூடி வெக்கறது நல்லா இல்லீங்க."

அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்? நல்ல வெளிச்சத்தில், பச்சைப் புல்வெளியில், சம்பந்தி முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். நான்தான் இந்தக் காலைகளை ஒளித்து ஒளித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். டிரைவரை வைத்துக்கொள்ளலாம் என்று வசந்தாமணி சொன்னபோது வாயை மூடிக்கொண்டேனே, அது எதற்காக என்று எனக்கே ஒழுங்காகத் தெரியவில்லை. என் பெண் எனக்கு முன்னமே எல்லாவற்றையும் யோசித்து ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள். என்னைவிட அவள்தான் அதிகம் ஆசைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு நான் வேண்டியிருந்திருக்கிறது! அடேயப்பா, இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

"அடிங்க சம்பந்தி, பின்னால ஆளுக வர்றாங்க" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பந்து இரண்டாகத் தெரிந்தது. ஏதோ ஒன்றை அடித்தேன். பந்து தவளை மாதிரி தத்தித் தத்திக் கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை மாதத்தில் அவ்வளவு மோசமாக ஒன்று அடித்ததில்லை. ஆனால் அது நிற்கும்வரை நான் இடது காலில் ஆடாமல் நின்றேன்.

ஆட்டத்தில் படுதோல்வி. சென்னியப்பன் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று அவரே கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார். கடைசிக் குழியிலிருந்து கேன்டீன் பக்கம் நடக்கும்போது அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சம்பந்தி, எனக்காகவும் ஒரு பொய் சொல்லோணுமுங்க நீங்க. இன்னொரு ஆட்டம் வேணும்னு நீங்க கேட்டதாச் சொல்லப்போறேன். பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழமை. கேட்டா ஆமான்னு சொல்லுங்க."

அவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "அப்பனும் புள்ளையும் சேந்து என்னய நல்லாப் பொய்க்காரனாக்கீட்டீங்க போங்க!"

மிருதுளா டம்ளரில் காபியோடு ஓடிவந்தாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் மாமா முகத்தை. அவர் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு கார் பக்கம் போய்விட்டார்.

"என்னாச்சுப்பா?"

"தோத்துட்டேன் அம்மிணி."

"பரவால்லப்பா, நல்லா ஆடுனீங்கல்ல?" என்றாள். அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில், "அப்ப முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"எங்க முடியுது? உன்ற மாமனாரு விட மாட்டேங்கறாரு. இன்னொரு ஆட்டம் வேணுமாம். பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழமைதான் வேணுமாம். ஒரே புடியா நிக்கறாரு, நான் என்ன பண்றது?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் காபியை ஊதினேன். அவள் உதடு ஒரு பக்கம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

"அப்ப நாளைக்கும் போகணுமாப்பா?"

"போகாம? தப்பு நெறைய இருக்குது. அஞ்சேகாலுக்கே போயிரலாம்."

டிசம்பர் 22, திங்கள்

ஐந்து மணிக்கே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.